வலம்புரி கடலில் நட்ட கொடிகள்

மாணிக்கவாசகம் வாழ்க்கையில் கடலைப் பார்த்த தடவைகளை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். அதிலும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை, பேண்ட் புதுசு. பிறந்தது தர்மபுரிப் பக்கம், பிழைப்பு தில்லி. இரண்டு ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்பேர்ப்பட்டவரிடம் புதுமேட்டுக்குப்பம் முகத்துவாரத்தில் எங்கே மணல் ஏறியிருக்கிறது, எங்கே ஆழம் என்று கேட்டால், கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் நின்று, தோளில் ஈரத் துண்டோடு, மடமடவென்று ஒப்பித்துவிடுவார். இதில் உள்ள கூத்து அவருக்கே தெரியும். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "வாங்க கேப்டன்" என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. சொல்லிவிட்டு, மனைவி காதில் விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்.

இத்தனைக்கும் காரணம் மகள் கவிப்ரியா. அவள் ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று அலுவலகத்தில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவைத்திருந்தார். தோழி கல்யாணத்துக்கென்று புதுச்சேரி போன பெண், அங்கே ஒரு பாய்மரப் படகில் ஏறினாள். திரும்பி வந்தது பெட்டியை எடுத்துப் போகத்தான். பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் சேரப்போவதாக அவள் சொன்னபோது, மாணிக்கவாசகம் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒரே ஒரு வரி சொன்னார்: "தண்ணியில விளையாடுறதுக்கு எதுக்கும்மா டிகிரி?"

மறுநாள் அவள் ரயிலேறிவிட்டாள். தன்னுடைய நீண்ட சர்வீஸில் அவர் வைத்த எந்தக் குறிப்பின் மீதும் இவ்வளவு சடுதியில் நடவடிக்கை எடுக்கப்பட்டதில்லை.

அதற்கப்புறம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது அம்மா வழியாகத்தான். வாரம் ஒருமுறை சாந்தகுமாரியின் போனுக்குக் கூப்பிடுவாள். பேச்சு ஸ்பீக்கரில், சாந்தகுமாரிக்குக் கை எப்போதும் காய் நறுக்கிக்கொண்டிருக்கும். மாணிக்கவாசகம் எதிரே செய்தித்தாளை விரித்துவைத்து, அதில் ஒரு எழுத்தும் படிக்காமல் உட்கார்ந்திருப்பார். கடைசியில், "அப்பாவைக் கேட்டேன்னு சொல்லும்மா" என்பாள் கவிப்ரியா. போனை வைத்தபின் சாந்தகுமாரி, அவர் காதில் எதுவுமே விழாத மாதிரி, "உங்களைக் கேட்டாளாம்" என்பாள். "நானும் கேட்டேன்னு சொல்லு" என்பார் இவர். இரண்டு நாடுகள் மூன்றாவது நாட்டின் தூதரகம் மூலம் பேசிக்கொள்கிற மாதிரி இரண்டு வருஷமாக இது நடந்தது. தூதரகத்துக்குத்தான் சலித்துப்போயிருந்தது.

"நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுப் பேசினா என்ன? வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டே விட்டாள்.

"அவ கூப்பிட்டா நான் பேச மாட்டேன்னா சொன்னேன்?" என்றார் மாணிக்கவாசகம். மனசுக்குள், மாணிக்கவாசகா, நீ பெரிய ஆளுடா என்று சொல்லிக்கொண்டார். போனை மட்டும் எடுக்கவில்லை.

ஒருநாள் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபோதுதான் 'பொதுக்கடல்' என்ற பெயர் காதில் விழுந்தது. படகோட்டிகள் தாங்களே சேர்ந்து இணையத்தில் வரைகிற கடல் வரைபடம் அது. எங்கே ஆழம், எங்கே கல், எங்கே விளக்கு என்று தெரிந்தவர்கள் தெரிந்ததைப் போடலாம், தப்பென்றால் திருத்தலாம், போனிலோ டேப்லெட்டிலோ இறக்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் கடலுக்குப் போகலாம். "எங்க பக்கத்துக் கரைக்கு நான்தாம்மா காவல்" என்று கவிப்ரியா பெருமையாகச் சொன்னாள். மாணிக்கவாசகம் அந்தப் பெயரைச் செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், மகள் எந்தத் தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று பார்க்கத்தான் அதைத் திறந்தார். அடிக்கடி அவள் வாயில் வருகிற புதுமேட்டுக்குப்பம் முகத்துவாரத்தைத் தேடிப் பிடித்தார். நீல நிறம். அங்கங்கே ஆழத்தைச் சொல்லும் சில எண்கள். வாய்க்கு நேர் நடுவே சின்னதாக ஒரு சிலுவைக் குறி: தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் கல். கடலரிப்பைத் தடுக்க எப்போதோ கொட்டிய தூண்டில் வளைவு அலையில் சரிந்து, அதன் கற்குவியல் அங்கே கிடந்தது. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. மாணிக்கவாசகத்துக்குத் திக்கென்றது. பெற்ற பெண்ணை நம்பி அனுப்புகிற இடத்தில் இவ்வளவு காலி இடமா? யாருமே ஒன்றும் எழுதவில்லையா?

திரையின் மூலையில் 'திருத்து' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆயுசு முழுக்க மத்திய அரசில் இருந்துவிட்டு அண்டர் செக்ரட்டரியாகியிருக்கிற ஒரு மனிதனின் கண்ணெதிரே காலி இடத்தையும் பேனாவையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

'வலம்புரி' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். முதலில் கரையோர டீக்கடையைப் போட்டார். பிறகு மாரியம்மன் கோயில், பஸ் நிறுத்தம், மீன் ஏலக் கொட்டகை, செல்போன் கோபுரம், ஏ.டி.எம். எல்லாம் தில்லியில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தும், யாரோ எப்போதோ இணையத்தில் போட்ட போட்டோக்களைப் பார்த்தும் திரட்டியவை. மிதவை ஒவ்வொன்றுக்கும் பெயர், பெயருக்குக் கீழே நிறம், நிறத்துக்குக் கீழே விளக்கம். ஆழ எண்களுக்கு நடுவே காலியாக இருந்த இடங்களில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் மூன்று என்றால் நடுவில் இரண்டாகத்தானே இருக்கும் என்று கணக்குப் போட்டு எண்களை நிரப்பினார். அலுவலகத்தில் சேர்த்து எழுதியதற்காக யாரும் தண்டனை வாங்கியதில்லை. விட்டுப்போனதற்குத்தான் மெமோ வரும். இந்த ஞானத்தை அவர் கடலுக்கும் கொண்டுபோனார்.

அடுத்து கொடிகள். அரசு ஃபைல் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முக்கியமான பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைக் குத்தி, 'ஃப்ளாக் ஏ' என்று எழுதுவார்கள். குறிப்பில், 'ஃப்ளாக் ஏ காண்க' என்று வரும். பெரிய அதிகாரி தேட வேண்டாம் பாருங்கள். மாணிக்கவாசகம் இதைத் தமிழ்ப்படுத்தி, புதுமேட்டுக்குப்பம் கடலில் கொடி-அ, கொடி-ஆ என்று நட்டுக்கொண்டே போனார். மணல்திட்டுக்குக் கொடி-ஈ. அதில் 'கொடி-எ காண்க.' கொடி-எ-யில் போய்ப் பார்த்தால் 'கொடி-ஈ-யில் கூறியபடி.' ஔ வரை வந்ததும், ஃ-ஐ மட்டும் விடுவானேன் என்று அதையும் நட்டார். நடு வாயில் விளக்கமே இல்லாமல் அநாதையாகக் கிடந்த அந்தச் சிலுவைக் குறியைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அதைத் திறந்து, அதன் மேலேயே எழுதினார்: 'இக்கல் தொடர்பாகப் படகோட்டிகள் உரிய கவனம் செலுத்துவது விரும்பத்தக்கது. கொடி-இ காண்க.'

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. வலம்புரிக்கு முதல் செய்தி. அனுப்பியவர் பெயர் 'பாய்மரம்_கவி'.

யாரென்று மாணிக்கவாசகத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'வணக்கம். கடல் படத்தில் ஏ.டி.எம். எதுக்கு சார்? மீன் பணம் எடுக்கப் போகுதா? ஆழ நம்பர் எல்லாம் யார் அளந்தது? கொடின்னா இங்க நிஜமாவே கொடின்னு அர்த்தம், மிதவை மேல பறக்கிறது. இல்லாத கொடியைத் தேடி நேத்து ஒரு படகு சுத்திச் சுத்தி வந்திருக்கு. தயவுசெஞ்சு நீங்க போட்டதை நீங்களே எடுங்க. அந்தக் கல்லை மட்டும் தெளிவா விடுங்க. ப்ளீஸ்.'

திட்டுதான். சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் மகள் அவருக்கென்று எழுதிய முதல் வரிகள். மாணிக்கவாசகம் மறுபடி மறுபடி படித்தார். 'மீன் பணம் எடுக்கப் போகுதா' என்ற இடத்தில் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டார். அந்த நக்கல் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா?

"என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஆபீஸ் விஷயம்."

"ஆபீஸ் விஷயத்துக்கு யாராவது சிரிப்பாங்களா? டாக்டர்கிட்ட போவோமா?"

பதில் எழுத உட்கார்ந்தார். அன்புள்ள கவி என்று ஆரம்பிக்கக் கை வந்தது. வலம்புரியின் கைக்கு அது வரக் கூடாதே. கடைசியில், 'தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றது. பொருள் பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினார். பரிசீலித்து, கொடி-ஊ-வை எடுத்துவிடலாம் என்று முடிவும் செய்தார். ஆனால் அரசு ஃபைலில் எழுதியதை யாரும் அழிப்பதில்லை. அழித்தால் வேலை போய்விடும். தப்பாக எழுதிவிட்டால், அதற்குக் கீழே தப்பென்று இன்னொரு குறிப்பு எழுதுவதுதான் முறை. அதன்படியே கொடி-ஊ-வுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று நட்டார்: 'மேற்கண்ட கொடி ரத்து செய்யப்பட்டதாகக் கருதவும்.'

ஒரு கொடி இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

மறுநாள் வந்த செய்தி நீளமாக இருந்தது. அடுத்த வாரம் வந்தது இன்னும் நீளம். மாணிக்கவாசகத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஏதாவது ஒன்றை ரத்து செய்தால் ஒரு செய்தி வரும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் காரசாரமாக ஒரு செய்தி வரும். ஆபீஸில் ஜாயிண்ட் செக்ரட்டரி திட்டினால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். இவள் திட்டினால் இறங்கியது. மெட்ரோவில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் போனை வைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கிழவனைப் பக்கத்திலிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பெண்ணிடம் திட்டு வாங்குவதற்காகச் சமுத்திரத்தையே அசிங்கப்படுத்துகிற ஒரே தகப்பன் இந்தியாவில் நான்தான் என்று அவரே நினைத்துக்கொள்வார். நினைத்துவிட்டு, ஐஸ் தொழிற்சாலையைச் சேர்ப்பார்.

ஒரு தடவை மட்டும் அவள் கோபமில்லாமல் எழுதினாள். 'சார், நீங்க கெட்டவர் இல்லைன்னு தெரியுது. நிறைய உழைக்கிறீங்க. ஆனா படகுல நிக்கிற ஆளை யோசிச்சுப் பாருங்க. ஒரு கை சுக்கான்ல, ஒரு கை பாய்க் கயித்துல. வெயில்ல திரை சரியா தெரியாது, கண்ல உப்புத் தண்ணி. ஒரே ஒரு பார்வைதான் பார்க்க முடியும். அந்த ஒரு பார்வைல டீக்கடை தெரியக் கூடாது. கல்லு தெரியணும். மத்தபடி எல்லாம் காலியா இருக்கட்டும். காலியா இருந்தா பயமில்லைன்னு அர்த்தம்.'

இதைப் படித்தபோது மாணிக்கவாசகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு மரியாதையாக முகம் தெரியாத ஒரு கிறுக்கனுக்கு எடுத்துச் சொல்கிறாளே என்று நினைத்தார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எடுத்துவிட்டால் அப்புறம் இவள் எதற்கு வலம்புரிக்கு எழுதப் போகிறாள்? 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பதில் போட்டுவிட்டு, போனைப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் பிறந்தது. அலுவலகத்தில் பழைய ஃபைல்களைக் கழித்துக் கட்டும் வாரம் வந்தது. அந்த வாரத்தில்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம், கவிப்ரியா அம்மாவைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் படிக்கும் பெண்கள் முதல் தடவையாகத் தாங்களே புதுமேட்டுக்குப்பம் முகத்துவாரத்துக்குள் போகப் போகிறார்கள். மானசா என்ற பெண் முன்படகை ஓட்டுவாள். கவிப்ரியா பின்னால் இன்னொரு படகில் வருவாள், வாயே திறக்க மாட்டாள். படத்தைப் பார்த்து அவர்களே வழி கண்டுபிடிக்க வேண்டும்.

"அச்சா, சின்னப் பொண்ணுங்களா? பயமா இல்லையா அவங்களுக்கு?" என்றாள் சாந்தகுமாரி.

"அவங்களுக்கு இல்ல, எனக்குத்தான். வலம்புரின்னு ஒரு பைத்தியம்மா. அந்த இடத்தையே குப்பைத்தொட்டி ஆக்கி வச்சிருக்கு. நடுவுல ஒரு கல்லு இருக்கு, தண்ணி ஏறியிருந்தா கண்ணுக்கே தெரியாது. படத்துல பார்த்தாலும் இப்போ தெரியல, அந்த ஆளு எழுதி எழுதி மூடி வச்சிருக்கான். அடுத்தவங்க போட்டதை நான் சும்மா அழிக்க முடியாது, பேசிப் பார்க்கணும்னு ரூல். எத்தனை மாசம்தான் பேசறது?"

"யாரா இருக்கும்?"

"யாரோ வேலை வெட்டி இல்லாத ஆளு. சரிம்மா, வைக்கிறேன். அப்பாவைக் கேட்டேன்னு சொல்லு."

செய்தித்தாளுக்குப் பின்னால் மாணிக்கவாசகத்துக்குக் காது சுட்டது. வேலை வெட்டி இல்லாத ஆள் என்பதை அவர் மறுக்கவில்லை. அலுவலகத்தில் பலர் இதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 'மூடி வச்சிருக்கான்' என்றாளே. நாலைந்து பெண் பிள்ளைகள், ஒரு கல், அதன் மேல் இவருடைய 'விரும்பத்தக்கது'. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை சாந்தகுமாரி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் லேப்டாப்பைத் திறந்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை எடுத்தால் கடிதம் நின்றுவிடும். இந்த வயசில் மறுபடியும் செய்தித்தாளுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். இருந்தும் அவர் கை தயங்கவில்லை. பிள்ளைகள் நாளைக்குத் தண்ணீரில் இறங்குகிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்தால் பாசம் வந்துவிடும், அலுவலகத்தில் செய்கிற மாதிரி மூட்டையாகக் கட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். 'வலம்புரி கடைசியாகத் தொட்டவை' என்று தேடியபோது அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார். அழி. நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான்.

'தங்கள் அறிவுரையின்படி அனைத்தும் நீக்கப்பட்டன. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்' என்று பாய்மரம்_கவிக்கு எழுதினார். உடனே பதில் வந்தது: 'சார்! ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்! எல்லா டேப்லெட்லயும் இப்பவே இறக்கிக்கிறோம். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.'

கடைசி வரியை மட்டும் அவர் இரண்டாம் தடவை படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாந்தகுமாரி மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். போனைச் சார்ஜில் போட்டவள் எடுத்துப்போக மறந்திருந்தாள். மாணிக்கவாசகம் காப்பியை வைத்துக்கொண்டு பொதுக்கடலைத் திறந்தார். மகள் இந்நேரம் போய்க்கொண்டிருப்பாள், கூடவே கண்ணால் போய்ப் பார்ப்போம் என்று ஒரு ஆசை. படம் பளிச்சென்று இருந்தது. தீபாவளிக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி. கொடி இல்லை, கோயில் இல்லை, அவர் கணக்குப் போட்டு நிரப்பிய ஆழங்கள் இல்லை. கடல் இவ்வளவு அழகாக இருக்குமா என்று ரசித்தபடியே காப்பியை ஒரு வாய் குடித்தார். முகத்துவாரத்தின் வாய் அகலமாக, நீலமாக, நடுவில் ஒன்றுமே இல்லாமல் அவரை வரவேற்றது.

நடுவில் ஒன்றுமே இல்லை.

காப்பியைக் கீழே வைத்தார். சிலுவைக் குறி எங்கே? யாரோ ஒரு நல்ல மாலுமி எப்போதோ போட்ட குறி அது. அதைத் திறந்து, அதன் மேலேயே 'விரும்பத்தக்கது' என்று எழுதியவர் யார்? கடைசியாக அதைத் தொட்டவர் வலம்புரி. நேற்று கட்டிய மூட்டையில் கல்லும் போய்விட்டது. எழுதி மூடியிருந்த வரைக்கும் கல் அங்கேயாவது இருந்தது. இப்போது, காலியா இருந்தா பயமில்லைன்னு அர்த்தம்.

அழித்ததை மீட்கும் வழி தேடிக் கல்லை மறுபடி போட்டார். போடும்போதே புரிந்தது: அவர்கள் நேற்றே இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தில்லியில் கல் போட்டால் கடலில் தெரியாது. தன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். இரண்டு வருஷமாகக் கூப்பிடாத எண். அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பா தெரியாமல் கை பட்டு அழுத்தியிருப்பார் என்று நினைத்தாளோ என்னவோ. ஓடிப்போய்ச் சார்ஜிலிருந்து சாந்தகுமாரியின் போனைப் பிடுங்கினார்.

"அம்மா, தண்ணில இருக்கேன், அப்புறம் பேசவா?" காற்று இரைந்தது.

"கவி. அப்பா பேசறேன்."

காற்று மட்டும் கேட்டது.

"ஒரு விஷயம் தொடர்பா... அதாவது நேத்து மேற்கொண்ட நடவடிக்கையில..." வாய் முப்பது வருஷப் பாதையிலேயே போனது. மாணிக்கவாசகம் தன் தொடையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டார். "அந்தக் கல்லு படத்துல இல்லம்மா! நான் அழிச்சுட்டேன்! நான்தான் வலம்புரி!"

அடுத்த கணம் போனுக்குள் கவிப்ரியாவின் குரல் வெடித்தது. "மானசா! உள்ள போகாத! பாயை விடு! விடு விடு விடு! வெளியே திருப்பு!" அப்படியொரு குரலை அவர் தன் வீட்டில் கேட்டதே இல்லை. துணி படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். பெண் பிள்ளைகளின் கூச்சல். "கயித்தைப் பார்க்காத, என்னைப் பாரு! இந்தப் பக்கம்! அப்படித்தான்! அப்படியே இரு!"

மாணிக்கவாசகம் துணி காயும் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது அங்கே வந்தார் என்று தெரியாது. கீழே ஒரு காய்கறிக்காரன் தள்ளுவண்டியில் "ஆலூ, பியாஜ்" என்று கூவிக்கொண்டு போனான். அவனை வாயை மூடச் சொல்ல வேண்டும்போல இருந்தது. முருகா, என் பெண்ணுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, இனிமேல் ஒரு எழுத்து எழுதமாட்டேன் என்று வேண்டிக்கொண்டார்.

சத்தம் மெல்ல அடங்கியது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே சிரித்தாள்.

"திரும்பிட்டாங்க" என்றாள் கவிப்ரியா. மூச்சு வாங்கியது. "கல்லு இங்கேர்ந்து பார்த்தா, அலை இறங்கும்போது மட்டும் தெரியுது. படகுக்கும் அதுக்கும் ஒரு படகு நீளம்தான் இருந்துச்சு. படத்தைப் பார்த்துத் தானா சுத்திப் போவாங்கன்னு நான் வாயை மூடிட்டு வந்துட்டிருந்தேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"நீ...?"

"இல்லப்பா."

அப்பா என்று சொன்னாள். மாணிக்கவாசகம் பால்கனியின் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த பனியனைத் தவிர அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை.

"கடல்ல கொடி-ஃ நட்டது நீங்கதானா?" என்றாள்.

"நான்தான்."

"எனக்கு ஒரு டவுட் இருந்துச்சு. 'மேற்கண்ட கொடி ரத்து செய்யப்பட்டதாகக் கருதவும்'னு நடுக்கடல்ல எழுதற ஆளு வேற யார் இருக்க முடியும்? ஆனா உங்களுக்கு போன்ல டைம் செட் பண்ணவே நான்தான் வரணும், இதெல்லாம் எங்கே தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்." அப்புறம் கேட்டாள்: "எதுக்குப்பா இதெல்லாம்? ஏ.டி.எம். எல்லாம்?"

"நீ திட்டி எழுதுவே இல்ல" என்றார் மாணிக்கவாசகம். "அதுக்குத்தான்."

காற்று மறுபடி இரைந்தது. அவள் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தூரத்தில் மானசாவோ யாரோ "அக்கா, இப்போ எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"கவி, ஒரு நிமிஷம்" என்றார் அவசரமாக. "தண்ணியில விளையாடறதுன்னு அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேனே. இப்போ நீ கத்தினதை எல்லாம் கேட்டேன். அந்த வார்த்தையை... அதை நான் ரத்து செஞ்சதா..."

"அப்பா."

"சொல்லும்மா."

"ரத்துன்னு பக்கத்துல இன்னொண்ணு நடாதீங்க. அழிச்சிடுங்க."

"அழிச்சிட்டேன்" என்றார்.

"சரி. இந்தப் பசங்களைக் கரைக்குக் கூட்டிட்டுப் போகணும், வைக்கிறேன். நீங்க போட்டிருந்தீங்களே, அந்த டீக்கடைக்குப் போலாம்னு பார்த்தா அதை மூடியே ரொம்ப நாள் ஆச்சு." போனை வைக்கப் போனவள் மறுபடி வந்தாள். "அம்மாவைக் கேட்டேன்னு சொல்லுங்க."

மாணிக்கவாசகம் உள்ளே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். அவர் மீட்டுப் போட்ட சிலுவைக் குறி நடு வாயில் இருந்தது. திறந்து பார்த்தபோது, 'உரிய கவனம் செலுத்துவது விரும்பத்தக்கது' என்பதும் கூடவே மீண்டு வந்திருந்தது. அதை எழுத்து எழுத்தாக அழித்தார். சிலுவை மட்டும் நின்றது. இது எதனால் திருத்தப்பட்டது என்று கீழே ஒரு வரி எழுதிவைத்தால் நல்லதோ என்று விரல் துடித்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாந்தகுமாரி விபூதிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். "லிஃப்ட் வேலை செய்யல, ஏழு மாடி ஏறி வரேன். தண்ணி குடுங்க ஜல்தி. என் போனை நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க?"

"கவி பேசினா" என்றார் மாணிக்கவாசகம். "உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னா."

விபூதியை நீட்டிய கை அப்படியே நின்றது.

"யாரு, என்னையா?" என்றாள் சாந்தகுமாரி.